காரசாரமான பரங்கி விதை வறுவல்: முதல்முறை செய்பவர்களுக்கு

சாம்பாருக்கோ கூட்டுக்கோ பரங்கிக்காய் நறுக்கும்போது, நடுவில் இருக்கும் நாரோடு விதையையும் வழித்துக் குப்பையில் போட்டுவிடுகிறோம். அது அத்தனையும் நல்ல நொறுக்குத்தீனி. தோலோடு வறுத்து அப்படியே மென்று சாப்பிடலாம், உரிக்கும் வேலையே இல்லை.

காய் நன்றாக முற்றியிருக்க வேண்டும். இளங்காயில் விதை சப்பையாக, உள்ளே பருப்பே இல்லாமல் இருக்கும். வறுத்தால் வெறும் தோல்தான் மிஞ்சும். பத்தையாக வாங்கும்போது விதை தடித்து உப்பலாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு கப் விதைக்கு: கல் உப்பு ஒரு மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் 2 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, பெருங்காயத்தூள் இரண்டு சிட்டிகை, கறிவேப்பிலை இரண்டு ஈர்க்கு.

வழித்தெடுத்ததை அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, கையால் பிசைந்து விடுங்கள். விதைகள் நாரை விட்டுப் பிரிந்து மேலே மிதக்கும், அள்ளிக்கொள்ளலாம். அங்கங்கே கொஞ்சம் நார் ஒட்டியிருந்தால் பரவாயில்லை.

அடுத்தது வேகவைப்பது. பலரும் விட்டுவிடுகிற வேலை இது, ஆனால் ருசியே இதில்தான் இருக்கிறது. 2 கப் தண்ணீரில் கல் உப்பைப் போட்டு, விதையைச் சேர்த்து 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். வறுத்த பிறகு தூவும் உப்பு தோலின் மேலேயே நின்றுவிடும். கொதிக்கும்போது உப்பு உள்ளே வரை இறங்கும், தோலும் இளகி, வறுத்த பின் நார்போல மெல்ல வராமல் மொறுமொறுவென்று நொறுங்கும். உப்பு ஏற்கெனவே ஏறிவிடுவதால் கடைசியில் தனியாகச் சேர்க்க வேண்டாம்.

தண்ணீரை வடித்துவிட்டு, பருத்தித் துணியில் பரப்பி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் காயவிடுங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். கையில் அள்ளிக் குலுக்கினால் சலசலவென்று சத்தம் வர வேண்டும், அதுதான் பக்குவம். ஈரத்தோடு வறுத்தால் வெளியே கருகி உள்ளே சவசவவென்று இருக்கும்.

இனி அடுப்பு. அடி கனமான வாணலியில் எண்ணெய் இல்லாமல் விதையைப் போட்டு, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். கொஞ்ச நேரத்தில் பட்பட்டென்று வெடிக்கத் தொடங்கும், ஒன்றிரண்டு வெளியே துள்ளும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்ட வேண்டாம். 10 முதல் 12 நிமிடத்தில் ஓரங்கள் பொன்னிறமாகி, வேர்க்கடலை வறுத்த மாதிரி வாசம் வரும். ஒரு விதையை எடுத்து ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள். சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறிய பிறகுதான் மொறுமொறுப்பு தெரியும்.

சரியாக வந்துவிட்டதா? எண்ணெயை ஊற்றி, ஈரம் போகத் துடைத்த கறிவேப்பிலையைப் போட்டு, அது சருகாகும் வரை கிளறி அடுப்பை அணையுங்கள். அதற்கு அப்புறம்தான் மிளகாய்த்தூள், மிளகுத்தூள், பெருங்காயம். தீ எரியும்போது மிளகாய்த்தூளைப் போட்டால் நொடியில் கருகிக் கசக்கும், வீடெல்லாம் நெடி ஏறும். வாணலியில் மிச்சமிருக்கும் சூடே பச்சை வாடை போகப் போதும். எண்ணெய்ப் பசையில் தூள் எல்லா விதையிலும் சீராக ஒட்டி, செக்கச்செவேல் என்று ஆகும்.

முழுக்க ஆறிய பிறகே காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். விதையில் எண்ணெய்ச் சத்து அதிகம், நாள்பட்டால் சிக்கு வாடை வந்துவிடும். பத்து நாளுக்குள் தீருகிற அளவே வறுப்பது நல்லது. இடையில் நமத்துப்போனால் வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் புரட்டினால் போதும். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

கடையில் கிடைக்கும் தோல் நீக்கிய பச்சை விதையிலும் இதையே செய்யலாம். அதற்கு வேகவைக்கவும் காயவைக்கவும் தேவையில்லை. 4, 5 நிமிடத்தில் உப்பி வெடித்துவிடும். உப்பை மட்டும் மிளகாய்த்தூளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.