படத்தை மட்டும் வைத்துப் பழைய நாணயத்தின் தரத்தைக் கணிப்பது எப்படி?

இணையத்தில் ஒரு பழைய வெள்ளி நாணயம் கண்ணில் படுகிறது. இரண்டே படங்கள்தான் இருக்கின்றன, கையில் எடுத்துப் பார்க்க வழியில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் நான் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு அமெரிக்காவின் மோர்கன் டாலரை எடுத்துக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்க்க அதற்குத்தான் நல்ல படங்கள் நிறையக் கிடைக்கின்றன.

அளவுகோல் 1 முதல் 70 வரை. 1949இல் வில்லியம் ஷெல்டன் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக வகுத்தது, இப்போது எல்லா நாணயங்களுக்கும் பயன்படுகிறது. 60இலிருந்து மேலே இருப்பவை புழக்கத்தில் தேயாதவை. 50 முதல் 58 வரை லேசான தேய்மானம். 40, 45 என்றால் எக்ஸ்ட்ரா ஃபைன், 20 முதல் 35 வரை வெரி ஃபைன்.

படி 1: முதலில் படத்தை எடைபோடுங்கள்

நாணயத்தைப் பார்ப்பதற்கு முன் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பக்கவாட்டில் தாழ்வாக விழும் ஒளி சின்னக் கீறலையும் பெரிதாகக் காட்டும். பரவலான மென்மையான ஒளி கீறல்களை விழுங்கிவிடும். பின்னணியில் உள்ள வெள்ளைத் தாளே மஞ்சளாகத் தெரிந்தால், நாணயத்தின் பொன்னிறத்தையும் நம்ப வேண்டாம். ஸ்கேனரில் எடுத்த படத்தில் பளபளப்பு அநேகமாகத் தெரியாது. அதை வைத்து 60க்கு மேலா கீழா என்று நான் முடிவு செய்யவே மாட்டேன்.

படி 2: மேடான இடங்கள்

தேய்மானம் முதலில் தொடுவது மேட்டைத்தான். மோர்கன் டாலரின் முன்பக்கத்தில் இருக்கும் பெண் தலையில் காதுக்கு மேலே உள்ள கூந்தலையும், மறுபக்கத்தில் கழுகின் மார்பையும் பாருங்கள். நாணயங்களுக்குத் தரம் கணித்துத் தரும் பிசிஜிஎஸ் நிறுவனத்தின் ஃபோட்டோகிரேட் இணையப் பக்கத்தில் கிரேடு வாரியாகப் படங்கள் உண்டு. அதையும் நீங்கள் பார்க்கும் நாணயத்தையும் பக்கம் பக்கமாகத் திறந்து ஒப்பிடுங்கள். கைபேசித் திரை இதற்குப் போதாது, கணினித் திரையே சரி.

படி 3: தேய்ந்ததா, சரியாக அச்சாகவில்லையா?

ஆரம்பத்தில் என்னை அதிகம் குழப்பிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் அச்சடித்த மோர்கன் டாலர்களில் (பின்பக்கம் மலர்வளையத்துக்குக் கீழே 'ஓ' எழுத்து இருக்கும்) பல அழுத்தம் குறைவாக அடிக்கப்பட்டவை. புழக்கத்துக்கே போகாத நாணயத்திலும் காதோரக் கூந்தல் மொழுமொழுவென்று இருக்கும். புதிதாகப் பார்ப்பவர் அதை 45 என்று கணித்துவிடுவார்.

வேறுபடுத்த மூன்று கேள்விகள் கேளுங்கள். தட்டையான இடத்தின் நிறம் சுற்றியுள்ள பரப்போடு ஒத்துப்போகிறதா? தேய்ந்திருந்தால் அங்கே மங்கிய சாம்பல் நிறம் தட்டும். அச்சுக் குறைவு என்றால் அதே மினுமினுப்பு தொடரும். மற்ற மேடுகள் எப்படி இருக்கின்றன? விளிம்பும் எழுத்துகளும் நட்சத்திரங்களும் கூர்மையாக இருக்க, நடுப்பகுதி மட்டும் மழுங்கியிருந்தால் அச்சுக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கூந்தல் மழுங்கியதுபோலவே கழுகின் மார்பும் மழுங்கியிருக்கிறதா? இரண்டும் ஏறக்குறைய எதிரெதிரே இருப்பதால், அழுத்தம் போதாதபோது இரண்டிலும் சேர்ந்தே உலோகம் நிரம்பாமல் போகும். ஆனால் தேய்மானமும் இரண்டையும் தொடும் என்பதால், இந்த மூன்றாவது கேள்வியை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

இன்னும் சந்தேகமா? நாணயத்தை விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்து எடுத்த சின்ன வீடியோவைக் கேளுங்கள். ஒளிப்பட்டை அந்தத் தட்டையான இடத்தின் மீதும் அறுபடாமல் சுழன்று போனால் அது தேய்மானம் இல்லை. பத்துப் படங்களைவிட அந்த ஒரு வீடியோவே மேல் என்பது என் உறுதியான கருத்து.

படி 4: தேய்த்துச் சுத்தம் செய்ததா?

நன்றாகத் தேய்ந்த வெள்ளி பளிச்சென்று வெளுத்திருந்தால் உஷாராகுங்கள். ஒரே திசையில் ஓடும் நுண்கீறல்கள், வெற்றுப்பரப்பு பளபளக்க எழுத்துகளின் இடுக்கில் மட்டும் தங்கிய அழுக்கு, இவையெல்லாம் துடைத்ததற்கான தடயங்கள். இப்படிப்பட்ட நாணயத்துக்குத் தர நிறுவனங்கள் வழக்கமான எண் தராமல் 'டீடெய்ல்ஸ்' என்று குறித்துவிடும்.

ஆனால் எல்லாக் கோடும் கீறல் அல்ல. நாணயம் அடிக்கும் அச்சைத் தீட்டியபோது விழுந்த கோடுகள் வெற்றுப்பரப்பில் மட்டும் இருக்கும், உருவத்தின் ஓரத்தில் நின்றுவிடும். துடைத்த கீறல் முகத்தின் மேலேயும் ஏறிப் போகும்.

பின்சேர்க்கை: பிளாஸ்டிக் ஸ்லாபில் (தர நிறுவனங்கள் நாணயத்தை வைத்து மூடித் தரும் பெட்டி) உள்ள நாணயங்களைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். கோடு நாணயத்தின் விளிம்பைத் தாண்டியும் நீண்டால் அது பிளாஸ்டிக்கின் கீறல், நாணயத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

படி 5: எண் வேண்டாம், வரம்பு போதும்

'45 முதல் 53 வரை' என்று எழுதிக்கொள்ளுங்கள். 63க்கும் 64க்கும் உள்ள வித்தியாசத்தைச் சாதாரணப் படத்தில் பிடிக்க முடியாது. வாங்குவதாக இருந்தால் வரம்பின் கீழ் எண்ணை வைத்தே யோசியுங்கள். அசலா போலியா என்பது தனிக் கேள்வி. அதற்கு எடையையும் விட்டத்தையும் கேளுங்கள். மோர்கன் டாலருக்கு 26.73 கிராம், 38.1 மில்லிமீட்டர். கூடவே பக்கவிளிம்பின் படமும் வேண்டும். அங்கே வரிப்பற்களுக்கு நடுவே சுற்றி ஓடும் ஒட்டுக்கோடு தெரிந்தால் அது வார்த்தெடுத்த போலியாக இருக்கலாம், கிரேடைப் பற்றி மேலே யோசிக்க வேண்டியதில்லை.