பழைய அமெரிக்கக் கார்களை இனங்காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமையன்று, டெட்ராய்ட் நகரிலிருந்து வடமேற்காக நீளும் உட்வர்ட் அவென்யூவின் இருமருங்கிலும் மக்கள் மடக்கு நாற்காலிகளைப் போட்டுக் காலையிலேயே இடம்பிடித்துவிடுகிறார்கள். 1995-இல் தொடங்கிய ‘உட்வர்ட் டிரீம் குரூஸ்’ என்னும் கார் ஊர்வலத்தைக் காண்பதற்காக நானும் பல ஆண்டுகளாக அங்கே போய் அமர்கிறேன். இளம்பச்சையும் வெள்ளையுமாக ஒரு ஷெவர்லே தொலைவில் தெரிந்ததுமே, “ஐம்பத்தேழு பெல் ஏர்!” என்று பக்கத்தில் யாராவது குரல் கொடுப்பார்கள். சென்ற முறை அப்படி அழைக்கப்பட்ட கார் அருகில் வந்தபோது, அது 1956-ஆம் ஆண்டு மாடல் என்பதும், பெல் ஏர் அல்ல, ‘டூ-டென்’ என்பதும் தெரிந்தன. ஒரே பெயரில் இரண்டு பிழைகள் இருந்தன. சொன்னவருக்குக் கார்களின் மீது அன்பு குறைவு என்று நான் கருதவில்லை. கண் பார்த்து முடிப்பதற்குள் நினைவு முந்திக்கொண்டுவிட்டது. பழைய கார்களைப் பற்றிய தவறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நேர்கின்றன.

முதலாவதாக, நிறுவனத்தின் பெயர், மாடலின் பெயர், அலங்காரத் தரத்தின் பெயர் ஆகியவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1955 முதல் 1957 வரை ஷெவர்லே விற்ற சாதாரணக் கார்கள் ‘ஒன்-ஃபிஃப்டி’, ‘டூ-டென்’, ‘பெல் ஏர்’ என்று மூன்று தரங்களில் வந்தன. அடிப்படை உடல் ஒன்றே. வேறுபாடு குரோமியப் பட்டைகளிலும் உள்ளிருக்கையின் துணியிலும்தான். 1957 பெல் ஏரின் பின்பக்கவாட்டில், இரு குரோமியக் கோடுகளுக்கு இடையே வரிவரியான அலுமினியத் தகடு பதிந்திருக்கும். டூ-டென் காரில் அந்த இடம் பெரும்பாலும் வெறும் பெயின்ட்டாகவே இருக்கும். மூன்று ஆண்டுகளையும் பிரித்தறிய எனக்குப் பிடித்த வழி, பெட்ரோல் மூடி எங்கே இருக்கிறது என்று தேடுவது. 1955 மாடலில் இடது பின்பக்கவாட்டில் ஒரு சிறு கதவு வெளிப்படையாகத் தெரியும். 1956-இல் இடது டெயில் லைட்டே கதவைப் போலத் திறக்கும். 1957-இல், காரின் பின்புறத்தில் மீனின் துடுப்பைப் போல எழும்பி நிற்கும் இடது துடுப்பின் ஓரத்திலுள்ள குரோமியப் பட்டைக்குப் பின்னால் மூடி மறைந்திருக்கும். ஓடும் காரில் கதவு தெரிகிறதா இல்லையா என்பது மட்டுமே கண்ணுக்கு எட்டும் என்றாலும், அதுவே 1955-ஐ மற்ற இரண்டிலிருந்து பிரித்துவிடும்.

துடுப்பைக் கண்டவுடன் ‘1959 கெடிலாக்’ என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. பி-38 போர் விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்து எழுந்த கற்பனையாக, சிறிய துடுப்புகள் 1948-ஆம் ஆண்டு கெடிலாக்கிலேயே தோன்றிவிட்டன. 1957-இல் கிரைஸ்லர் குழுமத்தின் கார்கள் அனைத்துமே, எளிய பிளிமத் உட்பட, உயர்ந்த துடுப்புகளோடு வந்தன. 1959 ஷெவர்லேயின் துடுப்போ மேல்நோக்கி நிற்காமல் வௌவாலின் சிறகைப் போலக் கிடைமட்டமாக விரியும்; அதன் கீழே பூனைக்கண் வடிவ விளக்குகள் இருக்கும். அதே ஆண்டின் கெடிலாக்கில்தான் துடுப்புகள் எல்லாவற்றையும்விட உயர்ந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் தோட்டா வடிவில் இரண்டு சிவப்பு விளக்குகள் துருத்தி நின்றன. அடுத்த ஆண்டே அவை தாழ்ந்துவிட்டன. பியூக் கார்களின் பக்கவாட்டிலுள்ள வட்டத் துளைகளையும் இதே கவனத்துடன் பார்க்க வேண்டும். 1949-இல் அவை அறிமுகமானபோது உயர்தர ரோட்மாஸ்டருக்கு நான்கு துளைகள், அதற்குக் கீழ்ப்பட்ட சூப்பருக்கு மூன்று என்று வைத்தார்கள்.

அழகுக்காகச் செய்யப்பட்ட மாற்றங்களைவிட, சட்டத்துக்காகச் செய்யப்பட்ட மாற்றங்களே காலத்தைத் துல்லியமாகக் காட்டும். இதைக் கவனிக்காமல் வண்ணத்தையும் பளபளப்பையும் மட்டுமே பார்ப்பதைத்தான் நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். இரண்டிரண்டாக நான்கு ஹெட்லைட்டுகள் 1957-இல் ஒரு சில கார்களில் தலைகாட்டி, 1958 மாடலில் பரவலாயின. ஆகவே முகப்பில் நான்கு வட்ட விளக்குகள் கொண்ட கார் 1952-ஐச் சேர்ந்ததாக இருக்க இயலாது. முன்பக்க இண்டிகேட்டர் 1963 மாடலிலிருந்து மஞ்சள் நிறமாயிற்று. அதற்கு முன் பொதுவாக அது வெள்ளையாகவே இருந்தது. 1968 மாடலிலிருந்து காரின் முன், பின் பக்கவாட்டுகளில் சிறு விளக்கோ ஒளியைத் திருப்பியடிக்கும் வில்லையோ கட்டாயமானது. 1970 முதல் இரண்டுமே தேவைப்பட்டன. ஷெவர்லேயின் 1967 கமாரோவையும் 1968 கமாரோவையும் ஒன்றென நினைப்பவர்கள் இந்தச் சிறு விளக்கைத் தேடினாலே போதும்: 1968-இல் அது இருக்கும், 1967-இல் இருக்காது. 1967-இன் முன்கதவில் திருப்பித் திறக்கும் முக்கோணக் கண்ணாடி இருக்கும், 1968-இல் அது எடுக்கப்பட்டுவிட்டது. 1973-இல் முன் பம்பரும் 1974-இல் பின் பம்பரும் மணிக்கு 5 மைல் வேக மோதலைத் தாங்க வேண்டும் என்ற விதி வந்ததால், அக்காலக் கார்களின் பம்பர்கள் உடலிலிருந்து விலகிப் பருத்துத் தெரியும். சதுர ஹெட்லைட்டுக்கு 1975 மாடலில்தான் அனுமதி கிடைத்தது. பின்கண்ணாடியருகே உயரத்தில் எரியும் மூன்றாவது பிரேக் விளக்கு 1986 மாடலில் கட்டாயமாயிற்று.

இவற்றில் ஒன்றை மட்டும் கண்டு தீர்ப்புச் சொல்வதும் தவறே. அறுபது ஆண்டுகளில் ஒரு கார் பல கைகள் மாறியிருக்கும். பாதுகாப்பை எண்ணி ஒருவர் மூன்றாவது பிரேக் விளக்கைப் பிற்பாடு பொருத்தியிருக்கலாம், அடிபட்ட பம்பருக்குப் பதிலாக அடுத்த ஆண்டின் பம்பரை இன்னொருவர் மாட்டியிருக்கலாம். இரண்டு மூன்று அடையாளங்கள் ஒரே ஆண்டைச் சுட்டினால்தான் நான் வாய் திறப்பேன்.

மாடல் ஆண்டும் நாட்காட்டி ஆண்டும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. புதிய மாடல்கள் வழக்கமாக முந்தைய ஆண்டின் இலையுதிர்காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும். இதில் ஃபோர்டு மஸ்டாங் தனிக் கதை. அது 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. தொடக்க மாதங்களில் வெளிவந்த கார்களை ஆர்வலர்கள் ‘அறுபத்து நாலரை’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். ஆனால் அவற்றின் அடையாள எண்கள் (தயாரிப்பாளர் ஒவ்வொரு காரிலும் பொறிப்பவை) எல்லாமே 1965 என்றுதான் சொல்லும். ‘எங்கள் அப்பாவிடம் 1964 மஸ்டாங் இருந்தது’ என்று ஒருவர் நினைவுகூரும்போது, அவர் வாங்கிய ஆண்டைச் சொல்கிறார் என்று புரிந்துகொள்வதே முறை. அவரைத் திருத்த முனைவது பண்பும் அல்ல, பெரும்பாலும் சரியும் அல்ல.

காரின் மீதுள்ள எழுத்துகளை நம்பிவிடுவது பணத்தையே இழக்கச் செய்யும் தவறு. கூடுதல் திறனுள்ள வகைகளைக் குறிக்கும் ‘எஸ்.எஸ்.’, ‘ஜி.டி.ஓ.’ போன்ற சின்னங்கள் உதிரிபாகக் கடையில் சில டாலர்களுக்குக் கிடைக்கின்றன. சாலையில் பார்த்து ரசிப்பவருக்கு இதனால் நட்டமில்லை. வாங்க நினைப்பவர் அடையாள எண்ணைப் படிக்க வேண்டும். 1966 முதல் 1968 வரையிலான ஷெவர்லே ஷெவல் எஸ்.எஸ். 396 காரின் அடையாள எண் 138 என்று தொடங்கும், 1969-இல் எஸ்.எஸ். என்பது கூடுதல் விலைக்குச் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பாக மாறிவிட்டதால், அதற்குப் பிந்திய கார்களில் எண்ணை மட்டும் கொண்டு அதை உறுதிசெய்ய இயலாது. போண்டியாக் ஜி.டி.ஓ.-வில் நிலைமை தலைகீழ்: 1964-லும் 1965-லும் அது லெமான் காரின் கூடுதல் தொகுப்பு, 1966-இல் தனி மாடலாகி 242 என்று தொடங்கும் அடையாள எண்ணைப் பெற்றது. இன்று நாம் அறிந்த 17 இலக்க எண் 1981 மாடலில்தான் வந்தது என்பதால், 1960-களின் காருக்கு 17 இலக்க எண்ணை ஒருவர் காட்டினால் அங்கேயே நின்று விசாரிக்க வேண்டும்.

நம்பர் பிளேட்டும் வயதைச் சொல்லாது. கலிபோர்னியாவில் 1960-களின் கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்துப் பிளேட்டுகளின் சாயலில் புதிய பிளேட்டுகளை 2015 முதல் வழங்கி வருகிறார்கள். நேற்று வாங்கிய காரிலும் அதை மாட்டிக்கொள்ளலாம்.

நினைவுகூர்தலில் நேரும் தவறுகளில் ஒன்றை என் குடும்பத்திலிருந்தே சொல்ல முடியும். என் தாத்தா காரைக்குடியில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தவர். பழைய படம் ஒன்றில் அவர் ஓட்டிய காரின் அருகே கைகட்டி நிற்கிறார். அந்த வீட்டார் அதைப் ‘பிளஷர்’ என்றார்கள். தாத்தா ‘டாட்ஜ் கிங்ஸ்வே’ என்று முழுப்பெயர் சொல்வார். அமெரிக்காவுக்கு வந்த பிறகு அந்தக் காரைப் பல கண்காட்சிகளில் தேடினேன். டாட்ஜ் வைத்திருந்தவர்களில் ஒருவரும் அப்படிப்பட்ட பெயரைக் கேள்விப்பட்டதில்லை. தாத்தாவின் நினைவு பிசகிவிட்டதென்றே நான் எண்ணத் தொடங்கியிருந்தேன். பின்னர் மிச்சிகனில் ஒரு கண்காட்சியில், அதே கூரை வளைவும் அதே கதவுகளும் கொண்ட 1950-களின் தொடக்கக் கார் ஒன்று பானெட்டின் மேல் பாய்மரக் கப்பல் சின்னத்துடன் நின்றது. அது பிளிமத். கனடாவுக்கும் வெளிநாட்டுச் சந்தைகளுக்கும் கிரைஸ்லர் நிறுவனம் பிளிமத்தின் உடலுக்கு டாட்ஜின் முகத்தைப் பொருத்தி வேறு பெயர்களில் விற்றது என்பதும், அவற்றுள் ஒன்று கிங்ஸ்வே என்பதும், பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பூட்டி விற்ற கார்களில் அதுவும் உண்டு என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கின. தாத்தா சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. இந்தியாவிலோ இலங்கையிலோ பார்த்த அமெரிக்கக் காரை அமெரிக்காவில் தேடுகிறவர்கள், பெயரை விட்டுவிட்டுக் கூரையையும் கதவையும் பின்கண்ணாடியையும் தேட வேண்டும். ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்த அந்தக் கார்கள் பல வேளைகளில் வேறு பெயரோடு இங்கே வாழ்ந்திருக்கின்றன.

‘அந்தக் காலத்துக் கார் இரும்பு, மோதினாலும் ஒன்றும் ஆகாது’ என்ற பேச்சையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும், ஏனெனில் இது உயிர் சம்பந்தப்பட்டது. 2009-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம், 1959 பெல் ஏர் ஒன்றையும் 2009 மாலிபு ஒன்றையும், ஒவ்வொன்றும் மணிக்கு சுமார் 64 கி.மீ. வேகத்தில், நேருக்கு நேர், முகப்பின் ஒரு பக்கம் மட்டும் இடிக்கும்படி மோதவிட்டது. பழைய காரின் ஓட்டுநர் அறை நொறுங்கி உள்ளே மடிந்தது. அதில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. புதிய காரின் அறை ஏறக்குறைய அப்படியே நின்றது. தடித்த தகடு மோதலின் விசையை உறிஞ்சுவதில்லை என்பதே காரணம். குதிரைத்திறனைப் பற்றிய ஏக்கத்திலும் இதுபோன்ற ஒரு மயக்கம் உண்டு. ஷெவர்லேயின் 1971 கார்வெட்டின் அடிப்படை எஞ்சினுக்கு 270 என்றும், 1972-இல் அதே எஞ்சினுக்கு 200 என்றும் அச்சிட்டிருப்பதைக் கண்டு, ஒரே ஆண்டில் பலம் போய்விட்டதென்று வருந்துகிறார்கள். உண்மையில் மாறியது பெரும்பாலும் அளக்கும் முறைதான்: முன்பு எஞ்சினைத் தனியே மேடையில் வைத்து அளந்தார்கள், பின்னர் சைலன்சர், ஆல்டர்னேட்டர் முதலியவற்றைப் பொருத்தி, காரில் இருப்பது போலவே அளந்தார்கள்.

சாலையில் ஒரு பழைய காரைக் கண்டதும் நெருங்கிச் சென்று படமெடுப்பது மன்னிக்க முடியாத தவறு. அதன் சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக்காக இருக்கக்கூடும்; இன்றைய காரைப் போல அதனால் சட்டென்று நிற்க இயலாது. 1967-க்கு முந்திய பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே ஒரு பாதைதான் இருந்தது, ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரங்களும் பிடிப்பை இழக்கும். அதன் முன்னே திடீரென்று நுழைவதும் அதே அளவுக்கு ஆபத்தானது. பின்னால் செல்லும்போது, அதன் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் ஒரே சிவப்பு விளக்காக இருக்கலாம் என்பதை எண்ணிக் கூடுதல் இடைவெளி விட வேண்டும். ஓட்டுபவர் சன்னல் வழியே கை நீட்டினால் அது பெரும்பாலும் கையசைப்பு அல்ல, சைகை.

நிறுத்தியிருக்கும் காரின் உரிமையாளரிடம் முதல் கேள்வியாக விலையைக் கேட்காதீர்கள். கதவின் மீது கையும் வைக்காதீர்கள். உட்வர்ட்டில் நான் பார்த்த அந்த இளம்பச்சை டூ-டென், மாலையில் ஓர் உணவகத்தின் வெளியே நின்றிருந்தது. “இந்த டூ-டென் உங்களிடம் எத்தனை காலமாக இருக்கிறது?” என்று அதன் உரிமையாளரைக் கேட்டேன். அது அவருடைய அத்தை புதிதாக வாங்கிய காராம். பெல் ஏருக்குக் கையில் பணம் போதாமல் டூ-டென்னை எடுத்தாராம். எல்லோரும் பெல் ஏர் என்றே அழைக்கிறார்கள், நீங்கள் ஒருவர்தான் அதன் பெயரைச் சொன்னீர்கள் என்றவர், பின்னால் அழைத்துச் சென்று இடது டெயில் லைட்டைத் திருகிச் சாய்த்து, உள்ளேயிருந்த பெட்ரோல் மூடியைக் காட்டினார்.