சென்னையில் ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட: முதல் முறை விடுபவர்களுக்கு

வில்லங்கச் சான்றிதழ், பட்டா, தாய்ப்பத்திரம் பார்ப்பதை எல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது வக்கீல் வேலை. நேராகக் கணக்குக்குப் போவோம்.

படி 1: கணக்கு

மறுவிற்பனை ஃப்ளாட் 60 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ஆக 65.4 லட்சம். மாத வாடகை 18,000 என்றால் ஆண்டுக்கு 2.16 லட்சம், அதாவது 3.3%. சொத்து வரி, ஆள் மாறும்போது பெயிண்ட், ஒரு மாதம் காலியாகக் கிடப்பது எல்லாம் இதில்தான் கழியும். "வாடகையிலேயே இஎம்ஐ அடைஞ்சிடும் சார்" என்று புரோக்கர் சொன்னால், காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

படி 2: ஆள் பிடிப்பது

வாசலில் டூலெட் போர்டு, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு. எனக்கு இந்த இரண்டே போதும்.

படி 3: ஒப்பந்தம்

எல்லோரும் 11 மாதத்துக்குத்தான் போடுகிறார்கள். ஓராண்டுக்கு மேல் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம். அதனால் 11 மாத ஒப்பந்தத்தை எங்குமே பதிய வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். இதற்கென்று அரசு இணையதளம் இருக்கிறது. நாளைக்கு வாடகை பாக்கி என்று வாடகை நீதிமன்றப் படி ஏறினால், பதிந்த ஒப்பந்தம் இல்லாமல் நிற்பது கஷ்டம்.

பத்திரத்தில் இருவர் பெயர் இருந்தால் இருவரும் கையெழுத்திடுங்கள். இரு தரப்பு பான், ஆதார் நகல்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களை இழுத்தடித்தது இனிஷியல். பத்திரத்தில் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. ஒப்பந்தம் டைப் அடிக்கும்போதே இரண்டு வடிவத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் தீர்ந்தது.

அட்வான்ஸ் விஷயம்: வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதாதவரை, சட்டப்படி மூன்று மாத வாடகைதான் உச்சவரம்பு. பத்து மாதம் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். நான் மூன்றோடு நிறுத்திவிடுவேன். வாங்குவது சுகம்தான், காலி செய்யும் அன்று மொத்தமாகத் திருப்பித் தர வேண்டுமே!

படி 4: சாவி கொடுக்கும் நாள்

ஈபி மீட்டரை போட்டோ எடுங்கள். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், நடுவில் குடிவருபவருக்கும் உங்களுக்கும் யூனிட் தகராறு வராமல் இருக்கும். குழாய், ஃபேன், சுவர் எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள்.

படி 5: வரி

வாடகைக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் ஆப் தேவையில்லை, ஒரு எக்செல் தாள் போதும். வாங்கிய வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30% தள்ளுபடி. பிளம்பருக்குக் கொடுத்தது, பெயிண்ட் அடித்தது எதையும் தனியாகக் கழிக்க முடியாது. அந்த 30% அதற்கும் சேர்த்துத்தான்.

பின்சேர்க்கை: துபாயில் இருக்கும் ஒருவர் கேட்டிருந்தார். மாத வாடகை 50,000 தாண்டினால்தான் குடியிருப்பவர் டிடிஎஸ் (வாடகையிலிருந்தே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும் என்பது உரிமையாளர் உள்ளூர்வாசியாக இருந்தால்தான். வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் அந்த வரம்பு கிடையாது. 18,000 வாடகையிலும் 30 விழுக்காட்டுக்கு மேல் பிடித்துக் கட்டியாக வேண்டும். குடிவருபவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள் சார். அப்புறம் சொன்னால் அவர் தலையில்தான் விடியும்.