தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள்

மலேசியாவில், எங்கள் ஊரான புக்கிட் ரோத்தானிலிருந்து கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா பக்கம்தான்; கடலோரச் சதுப்புக் காடு அது. ஆனாலும் எங்கள் தோட்டப்புறத்தில் வளர்ந்த பலர் உள்ளே போனதே இல்லை. மெலாவாத்தி மலையேறி, 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். 1987-இலிருந்து பூங்கா அந்த மலையடியிலேயே இருக்கிறது. அக்காள் பிள்ளைகளோடு போய்ப் போய்ப் பழகியதைச் சொல்கிறேன்.

முதலில் கடல் ஏற்ற இறக்க நேரத்தைக் கைப்பேசியில் பாருங்கள். காலையில் தண்ணீர் வற்றுகிற நாளாகத் தேர்ந்தெடுத்து, பசியாறியதும் கிளம்பிவிடுங்கள். முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, குடிதண்ணீர். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்; மழைக்குப் பிறகு பலகைப் பாதையில் நான் வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன்.

பாதையில் ஓரிடத்தில் நின்று ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். நம் காலடி அதிர்வில் வளைக்குள் ஓடிய நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் ஏறக்குறைய உடம்பளவு பெரிது. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிப் பெட்டையைக் கூப்பிடும். பக்கத்திலேயே பெலாசாக் மீன் துடுப்பை ஊன்றிச் சேற்றில் நகரும். "சின்னம்மா, மீனுக்குக் கை இருக்கு!" என்று சின்னவள் கத்தினாள். அவ்வளவுதான், எல்லா நண்டும் உள்ளே போய்விட்டன. மறுபடி ஐந்து நிமிடம் நின்றோம்.

லொத்தோங் குரங்கு சாம்பல் நிறம், ஆனால் பிறந்த குட்டி பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும். சில மாதங்களில் அந்த நிறம் மாறிவிடும். இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கிற வயிறு அதற்கு. ரொட்டியோ கச்சான் கடலையோ தயவுசெய்து கொடுக்காதீர்கள். மலைமேல் குரங்குக்கென்று யார் தீனி விற்றாலும் வாங்காதீர்கள்.

பறவை பார்க்க ஆசையிருந்தால் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வாருங்கள், வடக்கேயிருந்து வலசை வருபவை இருக்கும்.

பிள்ளைகளுக்கு ஓடியாட வேண்டுமா? அதற்கு நம் தாமான் குடியிருப்பின் திடல் போதும். வெயில் தாழ்ந்ததும் நாங்கள் அங்கே ஊஞ்சலுக்குப் போவோம்.

அப்புறம், நிலா இல்லாத இரவாக இருந்தால் கம்போங் குவாந்தான் கிராமத்துக்கும் போய்ப் படகேறுங்கள். ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றுசேர்ந்து மினுக்கும். கேமரா விளக்கை அணைத்து வையுங்கள். சம்பான் படகோட்டி துடுப்பை நிறுத்தும்போது பேச்சையும் நிறுத்திவிடுங்கள்.