பால்வாடிப் பிள்ளைகளுக்கு ஒரு டைனோசர் முட்டைக் கதை: தயாரிப்பது எப்படி?

டைனோசர் கதை என்றதும் வாயைப் பிளந்து பல்லைக் காட்டும் படத்தைத்தான் பலரும் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். மூன்று, நான்கு வயதில் சில பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும், சிலர் அழுதுகொண்டு ஆயாவின் சேலைக்குப் பின்னால் போய்விடுவார்கள். அதனால் முட்டையிலிருந்து தொடங்குங்கள் என்பேன். பென்னாகரம் பக்கமோ ஊத்தங்கரை பக்கமோ, நம் கிராமத்துப் பிள்ளைகள் கோழி அடைக்கு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே வளர்கிறார்கள், கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும் என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். அந்தக் கோழியைப் பிடித்துக்கொண்டால் டைனோசரிடம் பயமில்லாமல் கூட்டிப்போகலாம்.

முதலில்: சொல்லப்போவது ஒன்றே ஒன்று

டைனோசரும் முட்டை போட்டது, அதிலிருந்து குஞ்சு வந்தது. அவ்வளவுதான். வாயில் நுழையாத பெயர்கள், எத்தனை அடி உயரம், எத்தனை டன் எடை என்பதெல்லாம் இந்த வயசுக்கு வேண்டாம். மொத்தம் அரை மணி நேரம் போதும், அதில் நீங்கள் கதை சொல்வது பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மதியச் சாப்பாட்டில் முட்டை போடும் நாளாகப் பார்த்து, சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அடுத்து: சாமான்கள்

வேகவைத்த கோழிமுட்டை இரண்டு, ஒரு மூங்கில் கூடை, கொஞ்சம் வைக்கோல், ஏரிக்கரைக் களிமண் ஒரு உருண்டை. களிமண்ணில் கல், முள், கண்ணாடித் துண்டு இல்லாமல் முதல் நாளே பிசைந்து பார்த்துவிடுங்கள். பச்சை முட்டையைக் கொண்டுபோக வேண்டாம், உடைந்தால் கையெல்லாம் வழியும், கிருமி ஒட்டும்.

பெரிய முட்டை ஒன்றை நீங்களே செய்ய வேண்டும், அதற்கு மூன்று நாள் முன்னாலேயே உட்கார்ந்துவிடுங்கள். பலூனை முக்கால் சாண் அளவுக்கு ஊதிக் கட்டி, மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசையில் செய்தித்தாள் கீற்றுகளை நனைத்து மூன்று நான்கு அடுக்கு ஒட்டி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் பலூனை உடைத்ததும் முட்டை ஒடுங்கிப்போகும், அவசரப்படாதீர்கள். காய்ந்தபின் ஊசியால் குத்திப் பலூனை உருவி எடுத்துவிட்டு, நடுவில் கோணல்மாணலாக வெட்டினால் ஓடு விரிசல் விட்ட மாதிரியே இருக்கும். உள்ளே துணியிலோ அட்டையிலோ ஒரு குட்டி டைனோசர். இந்த வேலை முழுவதையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள், கிழிந்த பலூன் துண்டு சின்னப் பிள்ளையின் தொண்டையில் சிக்கினால் மூச்சு அடைத்துவிடும்.

ஏன் முக்கால் சாண் என்றால், நம் நாட்டிலேயே அந்த அளவில் முட்டைகள் கிடைத்திருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தில் தார் மாவட்டத்தில், நர்மதைப் பள்ளத்தாக்கில், 92 கூடுகளும் 256 முட்டைகளும் இருந்ததாக 2023-ல் ஆய்வு வெளிவந்தது. டைட்டனோசர் என்கிற, நீளக் கழுத்துள்ள இலைதின்னிகளின் முட்டைகள் அவை, குறுக்களவு 15 முதல் 17 சென்டிமீட்டர். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் அந்த உருண்டைக் கல்லைத் தோட்டம் காக்கிற சாமியாக வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டாம், ஆனால் நீங்கள் தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லும்போது குரலிலேயே அது வந்துவிடும்.

உட்கார வைத்ததும்

எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, கூடையைத் துணியால் மூடி நடுவில் வையுங்கள். "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஒவ்வொருவர் பதிலுக்கும் காத்திருங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் நிறைய, அவர்கள் தங்கள் மொழியில் சொன்னால் அதையே நீங்களும் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், அப்புறம் அந்தப் பிள்ளை முன்னால் நகர்ந்து வந்துவிடும். பிறகு வேகவைத்த முட்டையைக் கைமாற்றி விடுங்கள். தடவிப் பார்க்கட்டும், முகர்ந்து பார்க்கட்டும். கோழி எத்தனை நாள் அடைகாக்கும் என்று கேளுங்கள், தெரியாவிட்டால் 21 நாள் என்று சொல்லுங்கள். குஞ்சு வெளியே வர, அலகு நுனியில் இருக்கும் ஒரு சின்னக் கூரால் உள்ளிருந்தே ஓட்டைத் தட்டும், இதைக் கேட்டதும் பிள்ளைகள் முட்டையைக் காதில் வைத்துப் பார்ப்பார்கள்.

அந்த நேரத்தில் ஒரு பாட்டு, தொடையில் தட்டிக்கொண்டே:

முட்டை முட்டை மூடின முட்டை
உள்ளே யாரு? குட்டிக் குஞ்சு!
டொக்கு டொக்கு டொக்கு டொக்
ஓட்டை உடைச்சு வெளியே வா!

கடைசி வரிக்குக் குந்தியிருப்பவர்கள் எல்லாம் துள்ளி எழ வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்பார்கள், பாடுங்கள்.

இப்போது கதை

நான் சொல்லச் சொல்வது ஓவிராப்டர் என்கிற டைனோசரின் கதையை, ஏனென்றால் அது உண்மையில் நடந்தது, அதில் ஒரு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள், கடைசியில் நியாயமும் கிடைக்கிறது. 1923-ல் மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் ஒரு முட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் அதன் எலும்பு கிடைத்தது. வேறொரு டைனோசரின் முட்டையைத் திருட வந்து செத்திருக்கும் என்று நினைத்து, அடுத்த வருடம் முட்டைத் திருடன் என்ற பொருளில் பெயரும் வைத்துவிட்டார்கள். எழுபது வருடம் அந்தப் பழி இருந்தது. 1993-ல் அதே வகை முட்டைக்குள் ஓவிராப்டர் குடும்பத்துக் குஞ்சின் எலும்பு கிடைத்தது, கூட்டின் மேல் உட்கார்ந்து கைகளை முட்டைகள் மேல் விரித்தபடியே இறந்துபோன, ஓவிராப்டருக்கு உறவான ஒரு டைனோசரின் எலும்பும் கிடைத்தது.

பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லலாம்: "ஒரு டைனோசர் இருந்துச்சாம். அது முட்டைகிட்ட உட்கார்ந்திருந்ததைப் பார்த்துட்டு எல்லாரும் திருடன் திருடன்னு சொன்னாங்களாம். அது பாவம், ஒண்ணுமே பேசலையாம். அப்புறம் ஒரு நாள் ஒரு முட்டைக்குள்ள பார்த்தா... யாரு இருந்தா?" இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, நீங்கள் செய்த பெரிய முட்டையை மெதுவாகத் திறங்கள். உள்ளே அதே மாதிரிக் குட்டி. "அது யாரோட முட்டை?" என்ற கேள்விக்கு அவர்களே பதில் சொல்லட்டும்.

கைவேலை

களிமண்ணை ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, பிடிகொழுக்கட்டை மாதிரி நீளமாகப் பிடிக்கச் சொல்லுங்கள், ஓவிராப்டர் முட்டை நீள வாக்கில்தான் இருக்கும். அவற்றை வட்டமாக அடுக்கி, நடுவில் இடம் விடுங்கள். அந்தக் குடும்பத்து டைனோசர்கள் முட்டையை வட்டமாக இட்டு நடுவில்தான் உட்கார்ந்தன. ஒவ்வொரு பிள்ளையாக நடுவில் உட்கார்ந்து, கையை விரித்து அடைகாக்கட்டும். முரட்டுப் பிள்ளைகள்கூட இதில் அவ்வளவு பத்திரமாக உட்காருவதைப் பார்க்கலாம். முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

அவர்கள் கேட்கப்போவது

"அவ்ளோ பெரிசு உட்கார்ந்தா முட்டை உடைஞ்சுடாதா?" ரொம்பப் பெரிய டைனோசர்கள் உட்காரவில்லை, மண்ணில் புதைத்து வைத்தன. ஒகேனக்கல் முதலைப் பண்ணைக்குப் போன பிள்ளை யாராவது இருந்தால், முதலையும் மணலில் குழி தோண்டித்தான் முட்டை போடும் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

"இப்ப எங்க இருக்கு?" பெரிய டைனோசர்கள் எல்லாம் சுமார் 6.6 கோடி வருடம் முன்பே அழிந்துவிட்டன. பிள்ளைகளிடம் "ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னாடி" என்றால் போதும். ஆனால் பறவைகள் டைனோசர் வழியில் வந்தவைதான், ஆகவே வாசலில் மேய்கிற கோழியைக் காட்டி "இதோ, அதோட சொந்தக்காரங்க" என்று தாராளமாகச் சொல்லலாம்.

"நம்ம ஊர்ல இருந்துச்சா?" அரியலூர்ப் பக்கம் எலும்பு கிடைத்திருக்கிறது. நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பாறைகள் பெரும்பாலும் 250 கோடி வருடப் பழசு, டைனோசர் வருவதற்கு வெகுகாலம் முன்பே பூமிக்குள் ஆழத்தில் இறுகியவை, அவற்றுக்குள் எலும்பும் இருக்காது முட்டையும் இருக்காது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மறுநாளே யாராவது ஒரு உருண்டைக் கல்லைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய உருண்டைகள் கிடைத்தபோது பெரியவர்களே டைனோசர் முட்டை என்று நம்பினார்கள், பார்த்தால் அவை அம்மோனைட் என்னும் கடல் உயிரியைச் சுற்றி மண் இறுகி உண்டான கல். அதனால் பிள்ளை கல்லைக் கொண்டுவந்தால் ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், கையைத் தட்டியும் விடாதீர்கள். வாங்கி, "இது எப்படி உருண்டை ஆச்சு?" என்று அவர்களிடமே கேட்டுவிட்டு ஜன்னலோரம் ஒரு தட்டில் வையுங்கள். அந்தத் தட்டு நிரம்ப அதிக நாள் ஆகாது.