இரு கொழும்புத் தோழிகளை நாவலாக்கும்போது

ஒரு கொப்பியில் மூன்று நிரல் கீறுங்கள்: ஆண்டு, தோழிகளின் வயது, அந்த ஆண்டு அவர்களுக்குள் நடந்தது. 1945 ஜனவரியில் பிறந்தவர்கள் என்றால் சிங்களத்தை மட்டும் அரசமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது 11, சிங்கள இளைஞர்களின் 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் 26, 1983 ஜூலைக் கலவரத்தில் 38, போர் முடிந்த 2009 மே மாதம் 64. மூன்றாவது நிரல் வெறுமையாகக் கிடக்கும் ஆண்டு எவ்வளவு பெரிய ஆண்டானாலும் விட்டுவிடுங்கள். எழுபதுகளின் பாண் வரிசையில் ஒருத்தி மற்றவளுக்கு இடம்பிடித்து வைத்தது அதைவிட உதவும்.

அடுத்தது மொழி. ஒருத்தி தமிழ், மற்றவள் சிங்களம் என்றால் எதில் கதைக்கிறார்கள்? ஆங்கிலம் என்றால் அதற்கு வீட்டிலோ பாடசாலையிலோ ஒரு காரணம் வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் தாய்மொழி மூலம் படித்தவர்கள். அம்மாமார் வாய் ஓயாமல் கதைக்க, மகள்மார் இருவரும் சும்மா சிரித்துக்கொண்டு நிற்பார்கள். தனிச்சிங்களச் சட்டத்தைப் பற்றி அதற்குமேல் ஒரு வரி எழுதத் தேவையில்லை.

கூடுதலான கையெழுத்துப் பிரதிகள் சறுக்குவது 1983இல்தான். தமிழர்களுக்கு எதிரான வன்முறை ஜூலை 24 ஞாயிறு இரவு பொறளைக் கனத்தை மயானத்தடியில் தொடங்கியது, திங்கள் காலை நகரெங்கும் பரவியது. சிங்களத் தோழி தமிழ்த் தோழியைத் தன் வீட்டில் ஒளித்து வைக்கிறாள். நடந்ததுதான், ஆனால் அந்த இரவோடு ஒருத்தி காப்பாற்றியவள், மற்றவள் கடன்பட்டவள் என்று உறைந்துபோகிறார்கள். இரவை இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டு அடுத்த மாதத்தை எழுதுங்கள். தமிழ்த் தோழி ஒப்படைத்த நகைப் பொட்டலம் எப்போது, யார் முன்னிலையில் திரும்பி வந்தது? எண்ணிப் பார்த்தாளா? பார்க்காமல் வாங்கியதே மற்றவளுக்குக் குத்தியதா?

ஒருத்தி வெளிநாடு போனால் ஏரோகிராம் கைகொடுக்கும். ஒரே தாள், மடித்து ஒட்டுவது. ஆகவே நான்கு பக்கக் கடிதம் எழுத வைக்காதீர்கள். 1996 மே மாதம் இலங்கையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னிழுத்தார்கள், பழைய நேரம் 2006இல்தான் மீண்டது. தொலைபேசிக் காட்சிகளில் இது பலருக்கும் பிழைக்கும்.

தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய வீரகேசரி நாளிதழைப் புரட்டும்போது தலைப்புச் செய்தியை விட்டு சினிமா, புடைவைக்கடை விளம்பரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிவுக்கு, பொருளாதார நெருக்கடியில் காஸ் தட்டுப்பட்ட 2022 போதும். காலிமுகத்திடல் போராட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். 77 வயதில் முழங்கால் விடாது. தனக்குக் கிடைத்த காஸ் சிலிண்டரை ஒருத்தி மற்றவள் வீட்டுக்கு அனுப்பட்டும். அவள் காசை நீட்டுகிறாளா, பேசாமல் வாங்கிக்கொள்கிறாளா என்பதை மட்டும் தீர்மானியுங்கள்.