பழைய ஓவியங்களில் பச்சை: அடிக்கடி நேரும் தவறுகள்

"கிருஷ்ணனைப் போய்ப் பச்சையாக எழுதியிருக்கிறார்களே, நிறம் தெரியாதா?" கேரளக் கோயில், அரண்மனைச் சுவர்களைப் பார்த்து இப்படிக் கேட்பவர்கள் உண்டு. ஓவியர் தவறவில்லை. காலண்டர் படத்து நீலம் நம் கண்ணில் அப்படி ஏறிப்போயிருக்கிறது. சாத்விக குணமுள்ள தெய்வங்களுக்குப் பச்சை என்பது கேரளச் சுவரோவிய மரபு. கதகளியிலும் நற்குண நாயகர்களின் வேஷத்துக்குப் பெயரே 'பச்சை'தான்.

இந்தக் குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. நாட்டிய சாஸ்திரம் சிருங்கார ரசத்துக்குச் சொல்லும் நிறம் 'சியாமம்'. இதைப் பல நூல்கள் பச்சை என்று மொழிபெயர்த்துவிட, 'காதலின் நிறம் பச்சை' என்று அப்படியே பரவிவிட்டது. ஆனால் மஞ்சளும் நீலமும் கலந்தால் வரும் நிறத்துக்கு அதே நூல் 'ஹரிதம்' என்று தனிப்பெயர் தருகிறது. பச்சையைத்தான் சொல்ல வேண்டுமென்றால் அந்தச் சொல் கையிலேயே இருந்தது. சியாமம் மழைமேகத்துக்கும் பொருந்தும், இளம்புல்லுக்கும் பொருந்தும். கருமை, நீலம், பச்சை மூன்றையும் தொட்டு நிற்கும் நிறம் அது. அதைப் பச்சை என்று மட்டும் சுருக்கினால் பாதி பொருள் போய்விடும்.

நம்மிடமும் இதே நிலைதான். கார்மேக வண்ணன் என்று பாடிய மரபுதான் 'பச்சைமா மலைபோல் மேனி' என்றும் பாடியது. காஞ்சிபுரத்தில் பச்சைவண்ணப் பெருமாளுக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. அங்குள்ள தாயாருக்கு மரகதவல்லி என்று பெயர். இவற்றைப் பார்த்துவிட்டு 'சரியான நிறம் எது' என்று கேட்பதே பிழை என்பேன்.

தமிழில் 'பச்சை' எல்லா இடத்திலும் நிறமும் அல்ல. பச்சரிசி, பச்சைக் குழந்தை, பச்சைத் தண்ணீர் எதிலும் நிறம் இல்லை. சமயபுரத்தில் மாரியம்மனே பக்தர்களுக்காக 28 நாள் இருக்கும் பச்சைப்பட்டினி விரதத்துக்கும் பச்சை நிறத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம். அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, இளநீர், நீர்மோர், பானகம் மட்டும்தான்.

அடுத்தது ஹரிதாலம். ஹரிதம் என்ற சொல் காதில் விழுவதால் இதைப் பச்சை வண்ணப்பொருள் என்று எழுதிவிடுகிறார்கள். அது ஆர்சனிக் கலந்த மஞ்சள் கனிமம், நச்சுப் பொருள். தமிழில் அரிதாரம். நடிகர்கள் முகத்தில் பூசும் ஒப்பனைக்கு நாம் சொல்லும் அரிதாரம் இதிலிருந்து வந்ததுதான். இதனோடு அவுரி நீலத்தைக் கலந்தால்தான் பச்சை வரும். சிற்றோவியங்களில் அந்தக் கலவை நிறையவே உண்டு.

எனக்கு மிகவும் உறுத்தும் தவறு வேறொன்று. பழைய சுவரோவியம் எதுவானாலும் 'மூலிகைச் சாறு கொண்டு வரைந்தது' என்று சொல்லிவிடும் பழக்கம். இலைச்சாற்றின் பச்சை வெளிச்சத்தில் சீக்கிரமே வெளுத்துவிடும், நூற்றாண்டுக் கணக்கில் நிற்காது. அஜந்தாவின் பச்சையும் சித்தன்னவாசல் தாமரைக் குளத்தின் பச்சையும் பச்சை நிற மண், அதாவது இரும்பு கலந்த கனிமம். தக்காணத்து எரிமலைப் பாறைப் பொந்துகளில் இது இயற்கையாகவே கிடைக்கிறது. அஜந்தாவில் நீலத்துக்கு அரைத்த லாபிஸ் லசூலி என்ற கல் ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து வர வேண்டியிருந்தது. பச்சைக்கு அத்தனை தொலைவு போக வேண்டியதில்லை. 'மூலிகை' என்று ஒரே சொல்லில் முடிக்கும்போது, எந்தக் கல்லை எடுப்பது, எவ்வளவு அரைப்பது, எப்படிப் பசை சேர்ப்பது என்று அந்த ஓவியர்கள் கற்றிருந்த அறிவு முழுவதும் மறைந்துபோகிறது. செடியிலிருந்து பச்சை எடுத்ததும் உண்டு. கேரளத்தில் அவுரி நீலத்தோடு இரவிக்கரை என்ற மஞ்சள் மரப்பிசினைக் கலந்தார்கள். அது வேறு ஊர், வேறு காலம், வேறு தொழில்நுட்பம்.

அஜந்தாவை 'இந்து ஓவியம்' என்று எழுதுவதும் தவறு. அது பௌத்தம். 9ஆம் நூற்றாண்டுச் சித்தன்னவாசல் ஓவியங்கள் சமணம். வண்ண அறிவு மூன்று சமயங்களுக்கும் பொது. அதனால்தான் ஒன்றை வைத்து மற்றொன்றை விளக்க முடிகிறது. ஆனால் பெயரை மாற்றிச் சொல்லக் கூடாது.

கடைசியாக, இன்று கண்ணில் படும் நிறத்தை ஓவியர் தீட்டிய நிறமாகவே எடுத்துக்கொள்வது. 1920களில் ஹைதராபாத் நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலிய நிபுணர்கள் அஜந்தா ஓவியங்கள் உதிராமல் இருக்க அரக்குப் பூச்சு பூசினார்கள். நல்ல நோக்கம்தான். நாளடைவில் அந்தப் பூச்சு மஞ்சளடித்தது. மஞ்சளடித்த பூச்சின் அடியில் நீலம் பச்சையாகத் தெரியும், வெள்ளை பழுப்பாகத் தெரியும். அஜந்தா படம் ஒன்றைக் காட்டி 'பாருங்கள், இந்தப் பச்சை' என்று எழுதுமுன், அந்தப் படம் பூச்சை நீக்கிச் சுத்தம் செய்வதற்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.